கப்பலேறி வந்த கொல்லைச் செடிகள்

வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குச் சங்கத் தமிழில் படப்பை என்று பெயர். பிற்காலத்தில் அது கொல்லை என்றும் புழக்கடை என்றும் ஆனது. மனையோரத்து நொச்சி, படர்ந்த முல்லை, மௌவல், மாதுளை, வாழை ஆகியவை அந்தக் காலத்துப் பாடல்களில் வருபவை. கொய்யாவும் சீத்தாவும் பப்பாளியும் அவற்றில் இல்லை, இருக்கவும் முடியாது. இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்ததே 1492இல்தான்.

போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் ஓட்டிய கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டில் இவற்றைக் கிழக்கே கொண்டுவந்தன. கோவாவில் சில ஆண்டுகள் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், 1596இல் வெளிவந்த தம் பயண நூலில் பப்பாளியின் வழியையே எழுதியிருக்கிறார்: ஸ்பானிய இண்டீஸ் எனப்பட்ட அமெரிக்கப் பகுதியிலிருந்து பிலிப்பைன்ஸ், அங்கிருந்து மலாக்கா, பிறகு இந்தியா. அன்னாசி என்ற பெயர் பிரேசில் பழங்குடிகளின் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழுக்கு வந்தது. சீத்தாவுக்கு மட்டும் ஒரு வழக்கு உண்டு. கொலம்பஸுக்கு வெகுகாலம் முந்தைய பர்ஹுத் பௌத்தத் தூபியின் சிற்பங்களில் அந்தப் பழம் இருப்பதாகத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 19ஆம் நூற்றாண்டில் வாதிட்டார். தாவரவியலார் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனால் சீதையின் பெயரைப் பெற்றுவிட்ட பழத்தை அயல்நாட்டது என்று யார் நம்புவார்கள்?

பூச்செடிகளின் கதை இன்னும் வேடிக்கை. சிவனுக்குச் சாத்தும் பொன்னரளி அமெரிக்க வெப்பமண்டலச் செடி. கோயில் வளாகங்களில் நிற்கும் நாகலிங்க மரத்தின் ஊர் தென் அமெரிக்காவின் கயானா. மெக்சிகோவிலிருந்து வந்த செண்டுமல்லியைத் துலுக்கச் சாமந்தி என்றும், சீமை அகத்தியைச் சீமை என்ற அடைமொழியோடும் மக்கள் அழைத்ததில் மட்டும் வந்தேறி என்ற நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. வெட்சியின் இனத்துக்குத் தாவரவியலார் லின்னேயஸ் வைத்த இக்சோரா என்ற பெயர், ஈஸ்வரன் என்பது ஐரோப்பிய நாவில் திரிந்த வடிவம்.

பழத்துக்கும் பூசைக்கும் உதவாத, பார்க்க மட்டுமே ஆன செடி வீட்டு முன்புறத்துக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்தில். அதுவரை உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் கப்பல் தளத்துச் செடிகள் பாதி வழியிலேயே செத்தன. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட் வடிவமைத்த மூடிய கண்ணாடிப் பெட்டி 1830களில் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. உள்ளேயே ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மண்ணுக்குத் திரும்பும். 1860களில் ஆங்கிலேயத் தாவரச் சேகரிப்பாளர் ஜான் கூல்ட் வீச் தென்கடல் தீவுகளிலிருந்து பல குரோட்டன்ஸ் வகைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அந்த மோகம் காலனி நாடுகளின் பங்களா வராந்தாக்களுக்கும் பரவியது. தாவரவியல்படி குரோட்டன் என்ற இனத்தைச் சேர்ந்தது நம் நேர்வாளம். தொட்டிச் செடி வேறு இனம். பெயர்க் குழப்பம் இன்றுவரை அப்படியே ஓடுகிறது. சென்னையில் 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இத்தகைய அயல் செடிகளை வளர்த்துப் பரப்பியது. அதன் வசம் இருந்த கதீட்ரல் சாலை நிலத்தின் ஒரு பகுதியில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

செடிகள் புதியவை, அவற்றைப் பேணும் முறை புதிதல்ல. கிணற்றடி நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடும் வாய்க்கால் வாழைக்கு. அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் மற்றவற்றுக்கு. போத்து நடுவதும் பதியம் போடுவதும் ஏற்கெனவே தெரிந்த கைவேலைகள். இவற்றில் நுட்பமானது வாடவிடுதல். எலுமிச்சைக்கும் மாதுளைக்கும் சில வாரங்கள் நீரை நிறுத்துவார்கள். இலை பழுத்து உதிரும். பிறகு வேரடி மண்ணைக் கொத்தி, எரு இட்டு, நீர் பாய்ச்சினால் செடி முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். கொய்யாவுக்கு இன்னொரு உபாயம்: நிமிர்ந்து வளரும் கிளையை வளைத்துக் கயிற்றால் முளையில் கட்டுவது. நுனியின் ஆதிக்கம் குறைந்து, உறங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் தளிர்க்கும். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும்.

பிரெஞ்சு மாலுமி பூகன்வில்லின் பயணத்தில் 1767இல் பிரேசிலில் சேகரிக்கப்பட்ட காகிதப்பூவும் இந்த வாடவிடுதலுக்கு இசைந்தது. நீரை அள்ளி ஊற்றினால் இலையாகத் தழைக்கும். காயவிட்டால் நிறம் கொட்டும். அந்த நிறம் பூவினுடையதல்ல. மெல்லிய பூவடிச் செதில்கள் அவை. நடுவில் வெள்ளையாய் நிற்கும் சிறு குழல்தான் பூ.

நகரங்களில் கிணறும் கொல்லையும் மனைக்கட்டாகிவிட்டதால் இச்செடிகள் மொட்டைமாடிப் பைகளுக்கு ஏறியிருக்கின்றன. பையில் மண் குறைவு. தரையில் வாரக்கணக்கில் நடந்த வாடல் அங்கே சித்திரை வெயிலில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். இலை சுருளத் தொடங்கும்போதே நீர் ஊற்றியாக வேண்டும்.