லைடனின் நீலச்சட்டை மாணவர்

பௌதிகவியல் வகுப்பில் ஓமின் விதியைக் கற்றவர்கள் நாம். எந்தக் கம்பியிலும் மின்னோட்டத்துக்குச் சிறிதேனும் தடை உண்டு என்பது அன்றைய பாடம். தடை முற்றாக மறையும் நிலையும் உண்டென 1911 இல் ஒல்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. அக்கண்டுபிடிப்பில் ஒரு பாடசாலைக்கும் பங்குண்டு. ஆகவே இம்மலரில் அதனை நினைவுகூருகிறோம்.

பேராசிரியர் கமர்லிங் ஒன்னெஸ், மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை ஆராய்ந்தவர். அதற்கு வேண்டிய கண்ணாடிப் பாத்திரங்களையும் நுண்கருவிகளையும் ஆய்வுகூடத்திலேயே செய்யவேண்டியிருந்தது. எனவே இளைஞருக்குக் கண்ணாடி ஊதவும் உலோகவேலை செய்யவும் கற்பிக்கும் பாடசாலையொன்றை 1901 இல் தொடக்கிவைத்தார். நீல வேலையுடை அணிந்த அம்மாணவரை ஊரார் 'நீலப் பையன்கள்' என்றனர். இத்தகைய கைகளின் துணையோடு, 1908 ஜூலை 10 ஆம் திகதி ஈலியம் முதன்முதலாகத் திரவமாக்கப்பட்டது.

அத்தகைய குளிரில் உலோகங்களின் தடை என்னவாகும்? இலத்திரன்கள் உறைந்து தடை பெருகும் என்பது கெல்வின் பிரபுவின் எண்ணம். படிப்படியாகக் குறையும் என ஒன்னெஸ் எதிர்பார்த்தார். பிளாற்றினத்திலும் பொன்னிலும் மாசு காரணமாகத் தடை ஓரளவுக்குக் கீழே இறங்கவில்லை. இரசத்தையோ மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூயதாக்கலாம்.

1911 ஏப்ரல் 8 ஆம் திகதி, நுண்குழாயில் அடைத்த இரசம் திரவ ஈலியத்தால் குளிரூட்டப்பட்டது. குளிரூட்டும் பொறிகளைக் கவனித்தவர் கெரிட் ஃபிலிம். அதிர்வு எட்டாத வேறோர் இருட்டறையில் கல்வனோமானியை நோக்கியிருந்தவர் ஜில் ஹொல்ஸ்ற். தடை ஏறத்தாழப் பூச்சியமாயிற்று. அது சிறிது சிறிதாகவன்றி, 4.2 கெல்வினளவில், அதாவது சுமார் -269 பாகை செல்சியசில், திடீரென விழுகிறது என்பதை அவ்வாண்டின் பிற்பகுதி அளவீடுகள் காட்டின. இதுவே மீகடத்துதிறன். இதன் காரணத்தை பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் விளக்க 1957 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆய்வுக்கட்டுரைகள் ஒன்னெசின் பெயரிலேயே வெளிவந்தன. தாழ்வெப்பநிலை ஆய்வுகளுக்காக 1913 இல் நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. ஹொல்ஸ்ற் பின்னர் பிலிப்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தின் பணிப்பாளரானார். எனினும் அவரையும் ஃபிலிமையும் இன்று அறிந்தோர் சிலரே. கண்ணாடி ஊதிய மாணவரின் பெயர்களோ பாடநூல்களில் இல்லை.

இன்று வைத்தியசாலைகளின் எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் பலவற்றில், திரவ ஈலியத்தில் அமிழ்ந்த மீகடத்திச் சுருள்களே காந்தமாகின்றன. அந்தக் கருவியாக்குநர் பாடசாலையும் லைடனில் இன்னும் நடைபெறுகிறது. நூறு ஆண்டுகளில் நம் பாடசாலையிலிருந்து சென்றோரில் பட்டம், பரிசு பெற்றவர்களை நாம் பெருமையோடு பட்டியலிடுகிறோம். பெயர் வெளிவராமல் உழைத்த நம் சகோதரிகளுக்கும் அப்பட்டியலில் இடமுண்டு.