துக்கம் கேட்க ஆளில்லாதவர்கள்

திண்டுக்கல் சீமையில், ஆத்தூர்ப் பக்கம் சித்தையன்கோட்டை போன்ற ஊர்களில், தெருவோடு பாடை போனாலும் சரி, சந்தூக்குப் போனாலும் சரி, திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பார். இறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட நாலு அடி சேர்ந்து நடப்பார். பிறகு நாள் கணக்காகத் துக்கம் விசாரிக்க வருவார்கள். ‘கடைசியில் என்ன சொன்னார்? தண்ணீர் குடித்தாரா?’ என்று கேட்பார்கள். கேட்கக் கேட்க, சொல்லச் சொல்ல, நெஞ்சின் பாரம் குறையும். மனநோய் வைத்தியம் என்ற பேரே அறியாத காலத்து வைத்தியம் அது.

2020ஆம் ஆண்டில் அந்த வைத்தியம் வைத்தியர்களுக்கே கிடைக்காமற் போயிற்று.

அவ்வருஷம் மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்குத் தேசமெங்கும் ஜனங்கள் வாசலில் நின்று டாக்டர்களுக்காகவும் நர்ஸுகளுக்காகவும் கை தட்டினார்கள். சரியாக நான்கு வாரம் சென்றது. ஏப்ரல் 19, அதுவும் ஞாயிறுதான். சென்னையில் நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் காலமானார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே கூட்டம் கல்லும் கட்டையுமாய்த் தாக்கியது. மனைவியும் மகனும் பாதியில் திரும்ப நேர்ந்தது. நள்ளிரவில் அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர், இரண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களோடு, தாமே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

கை தட்டியதும் நம்மவர்தாம், கல்லெறிந்ததும் நம்மவர்தாம். பயம் மனிதனை அப்படி மாற்றிவிடுகிறது.

மூன்றே நாளில் சட்டம் வந்தது. பம்பாய்ப் பிளேக் காலத்தில் பிறந்த 1897ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, வைத்தியப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை என்றார்கள். உடம்புக்குக் காவல் கிடைத்தது. மனத்துக்கு?

அதே ஏப்ரலில் லோர்னா பிரீன் என்ற டாக்டர், நியூயார்க்கில் நோயாளிகளின் வெள்ளத்தில் நின்று போராடிக் களைத்தவர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வைத்தியப் பணியாளரின் மனநலத்துக்காக அவர் பெயராலேயே 2022இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று.

நம் நர்ஸுகளை நினைத்துப் பாருங்கள். கவச உடைக்குள் வேர்த்து விறுவிறுத்து, அதைக் கழற்ற முடியாது என்பதற்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் நின்றார்கள். உறவினர் வர முடியாத கட்டிலருகே டெலிபோனை ஏந்திப் பிடித்து, கடைசிப் பேச்சைக் கேட்டவர்கள் அவர்கள். அந்தச் சாவுக்குச் சாட்சி அவர்கள் ஒருவரே. பெற்ற பிள்ளைக்கும் கிட்டாத அந்தக் கடைசி நிமிஷத்தைச் சுமந்துகொண்டு தனி அறைக்குத் திரும்பினார்கள். மறுநாள் மறுபடியும் வேலை. அவர்களிடம் யார் துக்கம் கேட்டோம்?

காலம் கடந்துவிட்டதே என்கிறீர்களா? வெளியூர் போனவர் வருஷம் கழித்துத் திரும்பினாலும், முதலில் துக்க வீட்டுப் படியேறிவிட்டுத்தானே தம் வீட்டுக்குப் போகிறார்! உங்கள் தெருவிலும் ஒரு நர்ஸ் இருப்பாள். ஒருநாள் மாலை அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, ‘அந்த நாளில் என்னம்மா பட்டாய்?’ என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.