பிரேசர் டவுனும் தூய யோவான் குன்றும்

பிரேசர் டவுன், பெங்களூரில் ஆங்கிலேயரின் பழைய ராணுவப் பகுதியான கன்டோன்மென்டை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. 1988 முதல் அதன் அரசுப் பெயர் புலிகேசி நகர். பேச்சு வழக்கில் அந்தப் பெயர் ஏறவே இல்லை.

1809இல் கன்டோன்மென்ட் அமைந்தது. சென்னை மாகாணப் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும் வணிகர்களும் வேலையாட்களும் வந்து குடியேறினார்கள். இப்பகுதியின் ஒரு பாகத்துக்கு முத்துச்சேரி என்று பெயர். தமிழர் இருப்புக்கு அந்தப் பெயரே சான்று. அதன் மேட்டில், பணி ஓய்வுபெற்றும் ஊர் திரும்பாத ஐரோப்பியப் படைவீரர்கள் தோட்டம் வைத்த சிறு வீடுகளில் வாழ்ந்தார்கள். 1850களில் அவர்களுக்காகத் தூய யோவான் ஆலயமும் பள்ளியும் எழுந்தன. ஆலயத்தின் பெயரே மேட்டுக்கும் நிலைத்து, அது தூய யோவான் குன்று ஆனது. இங்கிலாந்துக் கிராமத்தில் ஊர் மூத்தது, கோயில் இளையது, அதுவே சில நூற்றாண்டு பழையது. இங்கோ ஆலயமும் அந்தக் குடியிருப்பும் ஏறக்குறைய ஒரே வயதின. சொந்த ஊரின் சாயலை அவர்கள் அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிரேசர் டவுன் பிறந்தது கொள்ளைநோயால். 1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூரைத் தாக்கியது. நெரிசலான தெருக்களில் சாவு மிகுந்தது. மைசூர் அரசின் கீழிருந்த நகரப் பக்கம் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. ஆங்கிலேயரின் கன்டோன்மென்ட் பக்கம் அதற்கு விடையாக அமைந்தது பிரேசர் டவுன். பாப்பரெட்டிப்பாளையம் என்ற கிராமம் இருந்த இடத்தில் 1906இல் அடிக்கல் நாட்டி, 1910இல் திறந்தார்கள். காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகள், அகன்ற சாலைகள் என்று திட்டமிட்டவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், ஸ்டீபன்ஸ் சாலை அவர் நினைவுதான். ஊருக்குப் பெயர் தந்த சர் ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் பிரேசர், மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்தவர், பிறகு மைசூரில் ஆங்கில அரசின் பிரதிநிதியான ரெசிடென்ட். பாப்பரெட்டி யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

1947இல் கன்டோன்மென்ட் மைசூர் அரசின் கைக்கு வந்தது. அதே ஆண்டு தென்னிந்தியத் திருச்சபை உருவானது. தூய யோவான் ஆலயம் இன்று அதன் கர்நாடக மத்தியத் திருமண்டலத்தில் இருக்கிறது. சற்றுத் தொலைவிலுள்ள மசூதிச் சாலை ரம்ஜான் இரவு உணவுக் கடைகளுக்குப் பேர்பெற்றது. சட்டமன்றத் தொகுதிக்கும் புலிகேசி நகர் என்றுதான் பெயர். ஆட்டோக்காரரிடம் மட்டும் பிரேசர் டவுன் என்றே சொல்கிறார்கள்.