ஜீவனாம்சமும் சிறையும்: ஒரு சட்டப் பிரிவின் சொல் வரலாறு

பெற்ற குழந்தையைப் பேணாத தந்தையிடமிருந்து அதற்குரிய தொகையைப் பெற்றுத்தரும் சட்ட ஏற்பாடு இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்ததாகும். அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனைத் தமிழாக்குவோர் கருத்தில் கொள்ளத்தக்க சிலவற்றைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இவ்வேற்பாடு இடம்பெற்றது. பின்னர் 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களிலும் அது தொடர்ந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 488ஆம் பிரிவாக இருந்தது, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144ஆம் பிரிவாகும். மணவாழ்க்கை பற்றிய சட்டங்கள் சமயந்தோறும் வேறுபடினும், இப்பிரிவு எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் இது தொடக்கம் முதலே உரியது.

ஆயினும் தொகைக்கு வரம்பு இருந்தது. தொடக்கத்தில் மாதம் 50 ரூபாய். 1923இல் 100 ரூபாய். 1955இல் 500 ரூபாய். அவ்வரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்படும் வரை, 46 ஆண்டுகள் மாறவேயில்லை. விலைவாசி உயர உயர, சட்டம் வழங்கிய உரிமை சொல்லளவில் நிற்க, பொருளளவில் தேய்ந்தது எனலாம்.

இனிச் சொற்களைக் காண்போம். வழக்கில் இத்தொகையை 'ஜீவனாம்சம்' என்கிறோம். ஜீவனம், அம்சம் என்னும் இரு வடசொற்களின் கூட்டு இது. வாழ்வதற்குரிய பங்கு என்பது பொருள். மக்கள் பேச்சிலோ இச்சொல் மணமுறிவின்போது மனைவி கேட்கும் தொகையையே பெரிதும் குறிக்கிறது. அதனால் குழந்தையின் தனியுரிமை கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. குழந்தையைக் குறிக்குமிடத்தில் 'குழந்தைப் பராமரிப்புத் தொகை' என விரித்து எழுதுவது இக்குறையைப் போக்கும்.

அடுத்தது, செலுத்தத் தவறுதல் பற்றிய தொடர். முற்பட்ட சட்டங்கள் 'வேண்டுமென்றே புறக்கணித்தல்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை ஆண்டன. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலோ 'போதிய காரணமின்றித் தவறுதல்' என்னும் பொருளுடைய தொடர் உள்ளது. முன்னது தந்தையின் உள்ளக் கருத்தை ஆராய்கிறது. பின்னது அவரிடம் காரணம் கேட்கிறது. இரண்டையும் 'செலுத்தத் தவறினால்' என ஒன்றுபோல் மொழிபெயர்த்தால் இவ்வரலாறே மறைந்துவிடும்.

இவற்றினும் பெரும் இடர் விளைப்பது 'தண்டனை' என்னும் சொல். தொகை செலுத்தப்படாவிடில், அபராதம் வசூலிக்கும் முறையிலேயே அதனை வசூலிக்க நடுவர் ஆணை பிறப்பிக்கலாம். அதன் பின்னும் நிலுவை நின்றால், ஒரு மாதம் வரை சிறையிலிடலாம். அதற்கு முன்னரே பணம் செலுத்தப்படின் விடுதலை உண்டு. ஆங்கில மூலத்திலேயே தண்டனை விதித்தலைக் குறிக்கும் வினைச்சொல் இருப்பதால், 'சிறைத்தண்டனை' என்னும் மொழிபெயர்ப்பு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் தண்டனையை அனுபவித்தவன் கணக்கைத் தீர்த்தவன் என்பது நம் வழக்கில் ஊறிய கருத்து. 3,000 ரூபாய் நிலுவை வைத்தவர் ஒரு மாதம் சிறையிலிருந்து மீண்டால், அக்கடன் கழிந்ததா?

கழியவில்லை என உச்ச நீதிமன்றம் 1988இல் குல்தீப் கவுர் வழக்கில் தெளிவுறுத்தியது. சிறை என்பது தொகையைச் செலுத்தச் செய்யும் வழியேயன்றி, தொகைக்கு ஈடன்று. பணம் செலுத்தப்பட்டால்தான் கடமை தீரும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எனவே இவ்விடத்தில் 'சிறையிலடைத்தல்' எனக் கூறி, 'இதனால் நிலுவை தீராது' என்னும் விளக்கத்தையும் சேர்ப்பது பொருத்தமாகும். 'தொகை செலுத்தப்படும் வரை' என்னும் தொடரையும் விடுதல் கூடாது. சிறைக் கதவின் திறவுகோல் தந்தையின் கையிலேயே உள்ளது என்பதை உணர்த்துவது அத்தொடரே.

நீதிமன்ற ஆணையின் தமிழ் வடிவத்தை வழக்குத் தொடுத்த தாயும் படிப்பார், செலுத்த வேண்டிய தந்தையும் படிப்பார். ஒரு சொல்லின் பிழையால் தந்தை தம் கடன் தீர்ந்ததென்று கருதவும், தாய் இனிக் கேட்க வழியில்லையென்று ஒதுங்கவும் இடமுண்டு. அவ்விழப்பைச் சுமப்பது குழந்தையே. சட்டத் தமிழில் சொல்லாட்சி நடையழகு பற்றிய சிக்கல் மட்டுமன்று என்பதற்கு இப்பிரிவு தக்க சான்றாகும்.