ஏடு மாறினால் போதுமா?

1957 அக்டோபர் 4. சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக் உலகை வலம் வந்தது. அமெரிக்கா திகைத்தது, வானை நோக்கிய கண்களை வகுப்பறையின்பால் திருப்பியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1956-லேயே பேராசிரியர் சக்கரியாஸ் தலைமையில் கூடிய அறிஞர் குழு, பள்ளி இயற்பியலுக்குப் புதிய பாடத்திட்டம் தீட்டத் தொடங்கியிருந்தது. ஸ்புட்னிக்கிற்குப் பின் அப்பணிக்குப் பொருள் குவிந்தது. 1960-இல் நூல் வெளிவந்தது. 1963 முதல் இந்தியாவிலும் அறிவியல் ஆசிரியர்க்குக் கோடைப் பயிலரங்குகள் நடந்தன. அறிஞர் எழுதினர், ஆசிரியர் பயின்றனர். நல்ல பணிதான்! ஆயினும், பிறர் சமைத்ததைப் பரிமாறுவது மட்டுமா ஆசிரியர் கடமை?

அதே 1963-இல் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் வேறொரு பாதை பிறந்தது. யுனெஸ்கோவின் முயற்சியால் லத்தீன் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்கள் அங்குக் கூடினர். ஒளி என்ற ஒரு பொருளை எடுத்துக்கொண்டனர். அதற்கெனப் பாடம் எழுதினர்; எளிய கருவிகள் செய்தனர்; திரைப்படமும் எடுத்தனர். கேட்க வந்தோர் ஆக்குவோர் ஆயினர்!

நம் நாட்டில் நடவாததா இது? 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் தொடங்கிற்று. பயிற்சியில் ஆசிரியரே சோதனைகளைச் செய்து பார்த்தனர். வகுப்பில் கண்ட குறைகளை அவர்கள் எடுத்துரைக்க, நூல் திருத்தப்பட்டது. தீக்குச்சியும் மிதிவண்டி வால்வுக் குழாயும் கல்விக் கருவிகள் ஆயின. 1978-இல் மாவட்டம் முழுதும் பரவிய அத்திட்டத்தை 2002-இல் அம்மாநில அரசு நிறுத்திவிட்டது. திட்டம் நின்றது, அது தந்த பாடம் நிற்கவில்லை.

தமிழகத்தில் 2018-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. ஏடு புதிது, படங்கள் அழகு. ஆனால் ‘ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது’ என்று ஒப்பிக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளை, அதைத் தன் ஊரில் கண்டதுண்டா?

காண வழியா இல்லை? 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழி வருகிறது. இரும்புக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் சுழலிகளைச் சுழற்றி, மின்சாரம் தந்துவிட்டு, வயலுக்கும் பாய்கிறது. உயரம் வேகமாகிறது, வேகம் மின்சாரமாகிறது. இதனினும் பெரிய பாடநூல் எங்கே உண்டு?

உத்தமபாளையத்தில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் உண்டு. லோயர் கேம்ப்பில் மின்நிலையம் உண்டு. இடையே பேருந்தும் உண்டு! நம் ஆசிரியர்கள் அங்குச் சென்று, அளந்து, வரைந்து, பாடம் ஆக்கிடப் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

ஏன் வலியுறுத்துகிறோம்? ‘சொன்னதை நம்பு’ என்று கற்பித்தால் அறிவியலும் ஒரு புராணமாகிவிடும், தோழர்களே! ஒப்பிக்கும் ஆசிரியர் ஒப்பிக்கும் மாணவரையே உருவாக்குவார். ஆக்கும் ஆசிரியரிடமே, ‘ஏன்?’ என்று கேட்கும் தலைமுறை பிறக்கும்.