படகு வேக அளவீடு

படகு வேக அளவீடு என்பது நீரில் செல்லும் கலம் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று கணிக்கும் முறை. படகின் வேகம் இருவகை: சுற்றியுள்ள நீரைச் சார்ந்தது, நிலத்தைச் சார்ந்தது. தேங்கிய கால்வாயில் இரண்டும் ஒன்றே. ஓடும் ஆற்றில் வேறுபடும். வேக வரம்புள்ள நீர்வழிகளில் இந்த வேறுபாட்டை அறியாமல் துல்லியம் கைகூடாது.

தொடக்ககால முறைகள்

கயிற்றில் கட்டிய மரத்துண்டைக் கப்பலின் பின்னே எறிந்து வேகம் காணும் முறையை வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இல் வெளியிட்ட கடலோடி நூலில் விவரித்தார். மரத்துண்டு நீரில் நிற்க, கப்பல் விலகிச் செல்லும். கயிறு உருளையிலிருந்து அவிழும். மணற்கடிகாரம் தீர்வதற்குள் கைவழியே ஓடிய கயிற்று முடிச்சுகளை மாலுமிகள் எண்ணினர். பிற்காலத்தில் 28 விநாடிக் கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குல முடிச்சு இடைவெளி வழக்கமாயிற்று. ஒரு முடிச்சு மணிக்கு ஒரு கடல்மைலைக் குறித்தது. 1929இல் கடல்மைல் 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டது.

கருவிகள்

ஆன்றி பிட்டோ 1732இல் பாரிசின் சேன் ஆற்று நீரோட்டத்தை வளைந்த குழாயால் அளந்தார். அதன் வழிவந்த கருவிகள் விசைப்படகுகளில் இடம்பெற்றன. நீரழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகும். ஆகவே மெதுவாகச் செல்லும் படகில் இக்கருவியை நம்ப முடியாது. படகின் அடியில் சுழலும் சிறு சக்கரம் மெதுவேகத்திலும் பயன்படும். ஆனால் பாசி சுற்றினால் குறைத்துக் காட்டும். இரண்டுமே நீரைச் சார்ந்த வேகத்தையே தரும்.

வேக வரம்பு

இங்கிலாந்தில் கடலோதம் எட்டாத மேல் தேம்ஸ் ஆற்றில் வரம்பு மணிக்கு 8 கி.மீ.; அது ஆற்றுப்படுகையைச் சார்ந்தது. மணிக்கு 2 கி.மீ. நீரோட்டத்தில் கருவி 7 காட்டினால், எதிர்த்துச் செல்கையில் உண்மை வேகம் 5, நீரோட்டத்தோடு செல்கையில் 9. பின்னது வரம்பு மீறல்.

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் பொதுவரம்பு மணிக்கு 4 மைல். சுங்கம் கணக்கிட நட்ட மைல்கற்கள் பல கரைகளில் இன்றும் உள்ளன. ஒரு மைலைக் கடக்க 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஆற்றில் இரு கற்களுக்கு இடையே கருவியைச் சரிபார்ப்போர் இருதிசையும் ஓட்ட வேண்டும். அப்போது நேரங்களின் சராசரி பிழையான விடை தரும். வேகங்களின் சராசரியே நீரோட்டத்தை நீக்கும்.

செயற்கைக்கோள் காலம்

ஜிபிஎஸ் 1995இல் முழுச் செயல்பாட்டுக்கு வந்தது. பொதுப்பயன்பாட்டுக்கு வேண்டுமென்றே புகுத்தப்பட்ட பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து நிலத்தைச் சார்ந்த வேகத்தை ஜிபிஎஸ் நேரடியாகக் கணிக்கிறது. நடைவேகத்தில் எண் சற்று அலைவதால், பல விநாடிச் சராசரியைக் கொள்வதே முறை.

ஆயினும் கரையை அரிப்பது படகு எழுப்பும் அலை. அது நீரைச் சார்ந்த வேகத்தையும் ஆழத்தையும் படகின் வடிவையும் பொறுத்தது. வரம்புக்குள் சென்றாலும், பின்னெழும் அலை கரையில் மோதி உடைந்தால் வேகத்தைக் குறைப்பதே படகோட்டியின் கடமை.