காவலா? விலங்கா?

வயது வந்த மனிதனுக்கு எசமானன் யார்? அவனேதான் என்பது பகுத்தறிவு தரும் விடை. ஆனால் அந்த விடை நீதிமன்றப் படியேறித் தீர்ப்பாக இறங்கிவர நெடுங்காலம் ஆயிற்று. காப்பாற்றுகிறேன் என்று கைகொடுத்தவன், கையெழுத்தையும் தன் கைக்குள் வைத்துக்கொண்ட கதை, காப்பாளர் சட்டத்தின் வரலாற்றில் ஒரு பாதி. அந்தப் பிடியை எதிர்த்து வழக்காடியோரின் கதை, மறு பாதி.

பெண்ணுக்குப் பிள்ளைப் பருவத்தில் தந்தை, இளமையில் கணவன், முதுமையில் மகன் என மூன்று காவலரை வைத்தது மனுநீதி. எத்தனை வயதானாலும் அவள் தன் பொறுப்பில் தான் நிற்கலாகாது! அந்த நீதியை மறுத்து, பெண்ணுக்குச் சொத்துரிமையும் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாநாடு முழங்கிய ஊர் செங்கல்பட்டு.

அதே செங்கல்பட்டுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1858-இல் ஆங்கில ஆட்சி, சித்தம் கலங்கியவர் எனப்படுவோர்க்குக் காப்பாளரை அமர்த்தச் சட்டங்கள் இயற்றியபோது, மாகாணத் தலைநகருக்கு ஒரு சட்டம், வெளியூர்களுக்கு வேறொரு சட்டம் என்று பிரித்தது. தாம்பரம் நகர எல்லைக்கு வெளியே இருந்தது. ஆகவே தாம்பரத்தார்க்குரிய நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றமே. பின்னர் வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணைக்கு முன் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்புத் தரவேண்டும் என்றது. நீதிமன்றம் அவரையே அழைத்துக் கேட்கவும் வழி வைத்தது. குணமடைந்தால் மறு விசாரணைக்கும் இடமளித்தது. நல்ல ஏற்பாடுகளே. எனினும், அந்த விசாரணை எதைத் தேடியது? இவருடைய சொத்தை இனி யார் ஆள்வது என்பதையே பெரிதும் தேடிற்று. இவர் என்ன விரும்புகிறார் என்ற கேள்வி பின்வரிசையில் நின்றது.

அந்தக் கேள்வியை முன்வரிசைக்குக் கொணர்ந்தது, 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கை. இந்தியா 2007-இல் அதனை ஏற்று உறுதி செய்தது. அதன் வழியே வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காப்பாளரின் கோலைக் குறுக்கியது. குறித்த முடிவு, குறித்த காலம், உரியவரின் விருப்பம் ஆகிய வேலிக்குள்தான் காப்பாளர் நடக்கவேண்டும். வேறு சட்டங்களின்கீழ் அமர்த்தப்பட்டவரும் அந்த வேலிக்குள் வந்தாகவேண்டும். நியமனம் தவறென்றால், உரியவரே மேல்முறையீடு செய்யலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, சிகிச்சையில் தமக்காகப் பேசுபவர் யார் என்பதை வயது வந்தவர் தாமே எழுதி வைக்கவும், மாற்றிக்கொள்ளவும் உரிமை தந்தது.

நீதிமன்றமே காப்பாளராக முனைந்தால்? அதுவும் நடந்தது. சேலத்தில் ஹோமியோபதி மருத்துவம் பயின்ற, 24 வயது நிறைந்த கேரளப் பெண் ஒருவர், தாமே விரும்பி மதம் மாறினார்; மணமும் புரிந்துகொண்டார். தந்தை ஆட்கொணர்வு மனு தொடுத்தார். கேரள உயர்நீதிமன்றம் 2017 மே மாதத்தில், நாதியற்றோர்க்கு அரசே பெற்றோர் என்னும் பழங்கோட்பாட்டைக் காட்டி, திருமணத்தைச் செல்லாததாக்கிப் பெண்ணைப் பெற்றோரின் பொறுப்பில் விட்டது. சட்டவிரோதக் காவலை உடைப்பதற்கென்றே பிறந்த மனு, ஒருவரைக் காவலில் வைக்கப் பயன்பட்ட விந்தையைப் பாருங்கள்! உச்சநீதிமன்றம் 2017 நவம்பரில் அப்பெண்ணையே நேரில் கேட்டது. தமக்கு வேண்டியது விடுதலை என்றார் அவர். படிப்பைத் தொடரச் சேலம் அனுப்பப்பட்டார். 2018 மார்ச் 8 அன்று அந்தத் தீர்ப்பு தகர்ந்தது. மனத்திறன் உள்ள, வயது வந்த ஒருவருக்கு நீதிமன்றம் பெற்றோராக முடியாது என்பது நிலைத்தது.

மதமாற்றத்தால் மனிதன் மேன்மையுறுவான் என்று நாம் கருதுவதில்லை. ஆனால் மதத்தை விடவும் ஏற்கவும் ஒருவருக்குள்ள உரிமையை மறுப்போர் பக்கம் நாம் நிற்கமுடியுமா?

பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்ற தாய், எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார் என்று இரவெல்லாம் விழித்திருக்கிறாள். அவளுக்கு விடை சொல்ல வந்தது 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம். தாம்பரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் காப்பாளரை அமர்த்துவது மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ளவர் அமர்ந்திருக்கும் குழு. ஆயினும் அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காப்பாளர் கொடுமை செய்தாலோ, சொத்தைச் சுருட்டினாலோ, அவரை நீக்கக் கோரும் உரிமை பெற்றோருக்கு உண்டு, உறவினருக்கு உண்டு, பதிவு பெற்ற அமைப்புக்கும் உண்டு. கொடுமைக்கு ஆளானவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! அடிபட்டவன் தவிர மற்றெல்லோரும் முறையிடலாம் என்பது என்ன நீதி?

இந்தக் குறையைத் திருத்தக் குரல் எழுப்புவது இளைஞர்களின் கடன். உங்கள் தெருவில் எவருக்கேனும் காப்பாளர் கோரி மனுப் போடப்பட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள். உரியவரை நேரில் கேட்டார்களா? எந்த முடிவுக்காக, எத்தனை காலத்துக்காகக் காப்பாளர்? அவர் கணக்குக் காட்டவேண்டிய இடம் எது? விடை வராவிட்டால், அவருக்கு ஒரு வழக்கறிஞரைத் தேடிக்கொடுங்கள். பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்த்தால், அது காவலா விலங்கா என்பது விளங்கிவிடும்.